மாஃபியா காதல்: 'பிரிஸ்ஸிஸ் ஆனர்', 'மேரீட் டு தி மாப்' – எதை முதலில் பார்க்கலாம்?

இரண்டுமே நியூயார்க் மாஃபியாவுக்குள் நடக்கும் காதல் கதைகள். சிரிக்க வைக்கும் விதம்தான் வேறு.

ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'பிரிஸ்ஸிஸ் ஆனர்' (1985) படத்தில், புரூக்ளின் கும்பலுக்காகக் கொலை செய்யும் சார்லி (ஜாக் நிக்கல்சன்) ஒரு கல்யாணத்தில் ஐரீனைப் பார்த்ததுமே கிறங்கிப்போகிறான். அவளும் கூலிக்குக் கொலை செய்பவள் என்பது அப்புறம்தான் தெரிகிறது. கொலையை அலுவலக வேலை மாதிரி இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொள்வார்கள். சிரித்துவிட்டு நமக்கே திக்கென்று இருக்கும். வில்லியம் ஹிக்கி நடித்த கிழ தாதா, பேத்தி மேரோஸிடம் பிஸ்கட் தட்டை நீட்டும் காட்சியைக் கவனியுங்கள். குரலில் அத்தனை கனிவு, கண்ணில் துளி ஈரம் கிடையாது. சார்லியின் முன்னாள் காதலியான அந்த மேரோஸாக வருபவர் இயக்குநரின் மகள் அஞ்செலிகா ஹூஸ்டன். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் கிடைத்தது. படத்தின் உயிரே அவர்தான் என்பேன்.

ஜொனாதன் டெம்மியின் 'மேரீட் டு தி மாப்' (1988) இன்னும் இலகுவானது. கணவன் சுடப்பட்டதும், பாவப் பணத்தில் வந்த சாமான்களைத் தானம் செய்துவிட்டு, மகனோடு வேறு வாழ்க்கை தேடிக் கிளம்புகிறாள் ஏஞ்சலா (மிஷேல் ஃபைஃபர்). தாதா விடாமல் துரத்துகிறான். அவளை உளவு பார்க்க வந்த எஃப்.பி.ஐ. ஆள் காதலில் விழுகிறான்.

மனசு லேசாக வேண்டும் என்றால் இரண்டாவது. எனக்கு முதல் படம்தான் ஒரு படி மேல். தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகும். பொறுமையாகப் பாருங்கள், முடிவை மட்டும் முன்கூட்டியே படித்துவிடாதீர்கள்.