வாடைக் காலத்தில் வாத்துக்கு எந்தக் கொட்டகை? கீற்றா, ஷீட்டா, பரணா?

மதுரைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வாத்து வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் செய்கிற முதல் வேலை, கூட்டைச் சுற்றிச் சாக்கும் தார்ப்பாயும் கட்டி இடுக்கு இல்லாமல் அடைப்பது. பனியில் நடுங்கிப் போய்விடுமோ என்ற அக்கறைதான். ஆனால் நம் ஊர் மார்கழி இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது. இறகு முழுதாக வந்த வாத்துக்கு அது குளிரே இல்லை. வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகு முழுக்கப் பூசிக்கொள்கிற பறவை அது. அறுவடை முடிந்த சோழவந்தான், மேலூர் வயல்களில் பட்டி போடும் மேய்ச்சல் வாத்துக்காரர்களைப் பாருங்கள். நைலான் வலையை வட்டமாக நட்டு, நூற்றுக்கணக்கான வாத்துகளைத் திறந்த வானத்தின் கீழேதான் இரவு முழுக்க அடைக்கிறார்கள். பனி கொட்டினாலும் காலையில் முட்டை இருக்கிறது.

வாத்தைக் கெடுப்பது ஈரம். அந்த ஈரமும் பெரும்பாலும் வாத்து போடுவதுதான். அதன் எச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் போகிறது. அடைத்த கூட்டுக்குள் ஓர் இரவு இருந்தால் தரை சொதசொதவென்று ஆகி, எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். வாத்து தரையில் உட்கார்ந்து தூங்குவதால் அதன் மூக்கும் கண்ணும் அந்த நெடிக்கு வெகு அருகில் இருக்கும். நின்றுகொண்டு முகர்ந்து பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. விடியற்காலை கூட்டைத் திறக்கும் முன் உள்ளே போய்க் குந்தி, முகத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைத்து மூச்சை இழுங்கள். கண் கரித்தால் அந்தக் கொட்டகை சரியில்லை, அது எவ்வளவு செலவில் கட்டியதாக இருந்தாலும்.

ஆகவே ஈரம் எப்படி வெளியே போகிறது என்பதை வைத்துத்தான் கீழே உள்ள மூன்றையும் பார்க்கிறேன். குஞ்சுகளுக்கு இது பொருந்தாது. முதல் மூன்று நான்கு வாரம் அவற்றுக்குப் பல்பு வெப்பம் வேண்டும், அது தனிக் கதை.

கீற்றுக் கொட்டகை

சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, பக்கவாட்டில் வலை. ஒரே நாளில் போட்டுவிடலாம். காற்றோட்டத்தில் இதை எதுவும் மிஞ்சாது. கீற்று தானே மூச்சு விடும்: உள்ளே கிளம்பும் நீராவி ஓலை இடுக்கு வழியே மேலே போய்விடும், சொட்டாது. சித்திரை வெயிலுக்கும் இதே கூரைதான் சிறந்தது. குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று நம் ஊரில் யாரும் இரண்டு கூடு கட்டப் போவதில்லை என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

குறைகள் உண்டு. தென்னங்கீற்று ஒன்றிரண்டு மழைக்காலத்தில் இற்றுப்போகும். பனையோலை இன்னும் சில காலம் தாங்கும், ஆனால் வேயத் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும். ஓலைக்குள் எலி வரும், எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும், அது முட்டையை விழுங்கும். இன்னொரு ஆபத்து தீபாவளி. நம் மழைக்காலத்தின் நடுவில் வருகிறது என்றாலும், இரண்டு நாள் வெயில் அடித்துக் கூரை காய்ந்திருந்தால் ஒரு ராக்கெட் போதும். தெருவை ஒட்டிய வீடுகளில் தாழ்வான கீற்றுக் கூரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்கு வெளியே, தோட்டத்துக்குள் என்றால் தயங்காமல் போடுங்கள்.

செங்கல் சுவரும் ஷீட் கூரையும்

வசதி உள்ளவர்கள் போவது இதற்குத்தான். நாய், கீரி, மரநாய் எதுவும் நுழையாது. பத்துப் பதினைந்து வருடம் கவலை இல்லை. பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் மூன்றிலும் அதிகமாகத் தப்பாகக் கட்டப்படுவது இதுதான். நாலு பக்கமும் கூரை வரை சுவரை எழுப்பி, ஒரு கதவும் ஒரு சின்ன ஜன்னலும் வைத்துவிடுகிறார்கள்.

தகர ஷீட் போட்ட அப்படி ஒரு கூட்டுக்குள் மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்து மேலே பாருங்கள். வெளியே ஒரு துளி மழை இருக்காது. ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். இரவு வானத்துக்கு வெப்பத்தை விட்டுத் தகரம் குளிர்ந்துபோகிறது. வாத்துகளின் மூச்சு ஈரம் அதில் பட்டுத் தண்ணீராகிறது. ஷீட்டின் மடிப்பு வழியே அது ஓடி, வரிசையாகச் சொட்டும். கீழே உமியைப் பார்த்தால் அதே வரிசையில் கறுத்த கோடு தெரியும். மழையே உள்ளே வராத கூட்டில் தரை ஏன் காயவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிமெண்ட் ஷீட்டில் இந்தச் சொட்டல் குறைவு, இல்லாமல் இல்லை. கல்நார் கலந்த ஷீட் என்றால் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி மனிதர் நுரையீரலுக்கு நல்லதில்லை.

இந்தக் கூட்டைச் சரியாகக் கட்ட வழி இருக்கிறது. சுவர் ஒன்றரை அடி, அதிகம் போனால் இரண்டு அடி. அதற்கு மேல் கூரை வரை அரை அங்குல வெல்டுமெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. உட்கார்ந்திருக்கும் வாத்தின் மேல் நேரடியாகக் காற்று அடிக்காமல் சுவர் தடுக்கும், தலைக்கு மேல் காற்று ஓடி ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். மெல்லிய கோழிவலை போதும் என்று கடையில் சொல்வார்கள். நாய் ஓர் இரவில் அதைக் கிழித்துவிடும். வெல்டுமெஷ்ஷே வாங்குங்கள். சுவர் இல்லாத பக்கம் இருந்தால் வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், கீரி தோண்டாது.

பரண் கூடு

ஆட்டுக்குப் பரண் போடுவது பரவிய பிறகு வாத்துக்கும் அதைக் கேட்கிறார்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி, இடைவெளி விட்ட தளம். எச்சம் கீழே விழுந்துவிடும். ஈரக் கணக்கில் இது கெட்டிக்காரக் கூடுதான். திருமங்கலம், கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல் மண்ணில், நாலு நாள் மழை பெய்தால் வாரக்கணக்கில் தரை காயாத இடத்தில், இதன் அருமை புரியும்.

ஆனால் வாத்துக்குக் கால்தான் பலவீனம். கம்பி வலைத் தளத்தில் நின்றால் பாதத்தின் அடியில் புண் வரும், புண் வந்த வாத்து நொண்டும், நொண்டும் வாத்து தீனிக்குப் போகாது, முட்டையும் நிற்கும். மர ரீப்பர் தளமோ ஆட்டுப் பரணுக்கு விற்கும் பிளாஸ்டிக் தட்டோ பரவாயில்லை. ஆனால் ஆட்டுக் குளம்புக்கு விட்ட இடைவெளியில் வாத்தின் கால்விரல் சிக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். கோழியைப் போல ஏணியில் ஏறவும் வாத்துக்கு வராது. குறுக்குச் சட்டம் அடித்த, அகலமான, நன்றாகச் சாய்ந்த பலகை வேண்டும். இரண்டு அடி உயரத்துக்கே ஆறேழு அடி நீளச் சாய்வு தேவைப்படும். முட்டையோ, வாத்து நினைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போகும். பரணில் அது உருண்டு விரிசல் விடும். இத்தனையும் சமாளிப்பதை விட, கரிசல் மண்காரர்கள் ஒன்றரை அடிக்குக் கிராவல் கொட்டித் திமிசு போட்டுத் தரையை உயர்த்திவிடுவது மேல் என்பது என் கருத்து.

நான் எதைச் சொல்வேன்?

அரைச் சுவர், வெல்டுமெஷ், மேலே ஓடு. மதுரையைச் சுற்றிய ஊர்களில் பழைய வீடு இடிக்கும்போது சீமை ஓடு மலிவாகக் கிடைக்கிறது. ஓட்டு இடுக்கில் காற்று கசியும், தகரம் போலச் சொட்டாது, தீப்பிடிக்காது, கோடையிலும் காந்தாது. ஓடு கிடைக்காவிட்டால் ஷீட்டின் மேல் ஒரு அடுக்குக் கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள். சொட்டல் பெருமளவு குறையும். தீபாவளி வாரம் மட்டும் அதை நனைத்து வையுங்கள்.

திசையை ஷீட்டா ஓடா என்பதைவிட முக்கியமாக நினைக்கிறேன். மதுரைக்கு அதிக மழை ஐப்பசியில், அக்டோபரில்தான். அந்த மழையும் வாடையும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. கூட்டை கிழக்கு மேற்காக நீட்டி, கதவையும் பெரிய வலைப்பக்கத்தையும் தெற்கே வையுங்கள். கோடையில் தென்றலும் அந்த வழியே வரும். கூரையை மூன்று அடி வெளியே நீட்டினால் சாரல் உள்ளே அடிக்காது. வடக்குப் பக்கத்துக்குப் படுதா வேண்டும். அதை மேலே கட்டிக் கீழே தொங்க விடாதீர்கள். கீழே ஆணியடித்து, கயிறு போட்டு மேல்நோக்கி இழுக்கும்படி அமையுங்கள். எவ்வளவு இழுத்தாலும் கூரைக்கடியில் ஓர் அடி திறந்தே இருக்கட்டும். மேலிருந்து தொங்கும் படுதா முதலில் அடைப்பது ஈரக்காற்று வெளியேறும் வழியைத்தான்.

இடம், ஒரு வாத்துக்கு 3 சதுர அடி போதும் என்பது பொதுக் கணக்கு. மழைநாளில் பகலிலும் அடைத்து வைக்க நேர்வதால் நான் 4 சொல்வேன். பத்து வாத்துக்கு 8 அடிக்கு 5 அடி. கதவு இரண்டரை அடி அகலமாவது இருக்கட்டும், படி வேண்டாம். காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்து வெளியே வரும், குறுகிய வாசலில் கால் முறியும். மூன்று வாத்துக்கு ஒன்று வீதம், ஓர் அடி அகலத்தில் ஒன்றரை அடி ஆழமாக முட்டைப் பெட்டி வையுங்கள். பெரும்பாலான முட்டை விடியலிலிருந்து எட்டு ஒன்பது மணிக்குள் விழுந்துவிடும், அதுவரை திறக்க வேண்டாம்.

தரைக்கு நெல் உமி அல்லது மரத்தூள், மூன்று நான்கு அங்குலம். வைக்கோலும் கடலைத் தொலியும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. தீவனத்துக்கும் இதே எச்சரிக்கைதான்: மழைக்காலக் கடலைப் பிண்ணாக்கில் வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அள்ளிப் போட்டுப் புது உமி பரப்ப வேண்டும். சுண்ணாம்பு தூவினால் சரியாகிவிடும் என்று ஈர உமியின் மேலேயே தூவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையால் அம்மோனியா அந்த நேரத்தில் இன்னும் அதிகமாகத்தான் கிளம்பும். ஈர உமியை வாரி, வாத்துகளை வெளியே விட்டு, வெறும் தரையில் தூவிக் காய விடுங்கள்.

தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்காதீர்கள். வாத்து குடிப்பதைவிட இறைப்பதுதான் அதிகம். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீனி தொண்டையில் அடைக்கும் என்பதால் இரவில் தீனியும் வேண்டாம்; சாயங்காலமே இரண்டையும் வயிறாரக் கொடுத்துவிட்டு அடையுங்கள்.

ஏற்கெனவே நாலு சுவரும் எழுப்பிக் கட்டிவிட்டவர்கள் இடிக்க வேண்டியதில்லை. தெற்குச் சுவரில் கூரைக்கடியில் இருக்கும் நான்கைந்து வரிசைச் செங்கலை நீளம் முழுக்க எடுத்துவிட்டு வெல்டுமெஷ் அடியுங்கள். எதிரே வடக்குச் சுவரில் இரண்டு வரிசை போதும். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. மழை பிடிக்கும் முன், புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள்.