மதுரை ஏர்போர்ட் டு ராமேஸ்வரம்: ஏழு வருஷமாகப் போய் வந்ததில் தெரிந்தது

எனக்கு வேலை மும்பையில், மாமியார் வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்தில். அதனால் 2018-லிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மதுரையில் இறங்கி பாம்பன் தீவுக்குப் போகிறேன். ப்ளைட் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கப்புறம் கிடக்கும் 170 கிலோமீட்டர்தான் ஆளைப் பிழிகிறது.

தனியாள் என்றால் பஸ்தான். ஆனால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் போய்த்தான் ஏற வேண்டும், அங்கேதான் கடுப்பு. ஏர்போர்ட் ஊருக்குத் தெற்கே இருக்கிறது, நீங்கள் ரிங் ரோட்டில் விரகனூர் தாண்டி மாட்டுத்தாவணி போய் ஏறுகிற பஸ், திரும்ப அதே ரோட்டில் வந்து அதே விரகனூரில்தான் ராமேஸ்வரத்துக்குத் திரும்பும். நானும் ஒருமுறை புத்திசாலி மாதிரி விரகனூரிலேயே நின்று கைகாட்டி ஏறினேன். பரமக்குடி வரை நின்றுகொண்டே போனேன், சரி, புத்தி வந்தது. லீவு நாளில் "ராமேஸ்வரம் மட்டும் ஏறு, ராம்நாடு டிக்கெட் அடுத்த வண்டி" என்று கண்டக்டர் கத்துவார், அதில் நமக்கு லாபம்தான். நாலு மணி நேரம், சில சமயம் நாலரை. பரமக்குடி வரை நாலுவழிச் சாலை, பறக்கும். அதற்கப்புறம் எதிரே வரும் லாரிகளைப் பொறுத்தது.

குழந்தைகளோடு போனால் டாக்ஸி, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். வண்டி பேசும்போதே ஒருவழி டிராப் கட்டணமா, போய்வரக் கணக்கா, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஏறி, ராமநாதபுரம் தாண்டியதும் "சார், ஆபீஸ்ல உங்ககிட்ட சொல்லலையா?" என்று டிரைவர் ஆரம்பித்து, உச்சிப்புளியில் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் தகராறு. பாவம், அவர் மேல் தப்பில்லை, புக்கிங்கில் பேசினவர் சொன்ன கணக்கு வேறு.

ரயில் பற்றி முன்பு கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 1914-இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், 2022 டிசம்பரில் அதுவும் நின்றது, இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் இக்கரையில் மண்டபம் ஸ்டேஷனோடு சரி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் திரும்பும்போதெல்லாம் பாசஞ்சர் ரயில்தான் எனக்கு. கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் அப்படியே செங்குத்தாக மேலே போகும், பிள்ளைகள் அதைப் பார்க்க ஜன்னலை விட்டு நகராது. ஒரே சிக்கல், மதுரை ஜங்ஷனில் இறங்கி மறுபடி ஆட்டோ பிடித்து ஏர்போர்ட் போக வேண்டும்.

ஆனால் முதல் தடவை வருகிறவர்கள் ரோட்டில் வாருங்கள். மண்டபம் தாண்டி ரோட்டுப் பாலம் ஏறும்போது பஸ் ஜன்னலில் காற்று அறையும், பக்கத்து சீட் அம்மா முந்தானையைக் கடித்துப் பிடித்துக்கொள்வார், உதட்டில் உப்பு கரிக்கும். பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களால் டிராபிக் நிற்கும், அதை என்னவென்று சொல்ல.

ஆடி, தை, மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் டிக்கெட் போடாதீர்கள். ஊரே தர்ப்பணத்துக்கு வரும், பஸ், ரூம், ஆட்டோ எதுவும் சிக்காது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டர் இருக்கும், வெயிலில் பெட்டியோடு நடக்க முடியாது. தனுஷ்கோடி பார்க்கிற எண்ணமிருந்தால் காலை ப்ளைட்டில் வாருங்கள். பொழுது சாய்ந்தபின் போனால் அதன் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு விடமாட்டார்கள்.

திரும்பும்போது ப்ளைட் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவேன். அதிலும் அரை மணி மாமியாருக்கு. கருவாட்டை மூன்று கவர் போட்டுச் சுற்றி, "இப்ப வாடை வருதா பாருங்க மாப்ள" என்று ஒவ்வொரு கவருக்கும் மோந்து பார்க்கச் சொல்வார்.