ஈயக்குட்டையில் மின் இரட்டைப் படகு: பல மழைக்காலம் ஓட்டிய பிறகு

மலேசியாவின் சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றிலும் பழைய ஈய லம்பங்கள், அதாவது சுரங்கக் குழிகள், தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. அந்தக் குட்டைகளுக்காகத் தோட்டத்து ஆட்கள் கோத்தோங் ரோயோங் முறையில் சேர்ந்து கட்டிய 16 அடிப் படகு இது; இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குக் குழாய்களால் இணைத்தது. இத்தனை காலத்தில் மோட்டாரும் பேட்டரியும் பெரிய தொல்லை தரவில்லை. வந்த பழுதெல்லாம் பலகையில் துளை போட்ட இடத்திலும் ஒட்டிய இடத்திலும்தான். கட்டப் போகிறவர்கள் மோட்டார் தேடி அலையும் நேரத்தில் பாதியை ஒட்டுவேலைக்குக் கொடுங்கள்.

உடல் இரண்டும் 6 மி.மீ. மெரின் பிளைவுட். 8 அடிப் பலகை இரண்டின் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சாய்வு, தடிமனைப் போல் 8 மடங்கு. அதாவது 48 மி.மீ. அது போக 4.83 மீட்டர் நீளம் நிற்கும். அகலம் 40 செ.மீ. இப்படி 12-க்கு 1 என்று ஒடுங்கி இருப்பதால்தான் சின்ன மோட்டார் போதுமானதாகிறது. ஆளும் சாமானும் படகுமாக 400 கிலோ ஏறினாலும் 20 செ.மீ.க்குள்தான் அமிழும். விளிம்புகளில் 15 செ.மீ.க்கு ஒரு துளையிட்டுக் கேபிள் டையால் இழுத்துக் கட்டி, உள்மூலையில் எப்போக்சியும் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) நுண்ணிய மரத்தூளும் குழைத்துப் பூச வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வேண்டும். வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் கண்ணாடித் துணி.

உதவிக்கு வருகிறவர்களிடம் தேய்க்கும் வேலை, துணி வெட்டும் வேலை, பிடிக்கும் வேலை எல்லாம் கொடுக்கலாம். எப்போக்சி கலப்பதை மட்டும் ஒரே ஒருவர் கையில் விடுங்கள். பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிடுவார்கள். எப்போக்சியில் ஹார்டனரும் ரெசினைப் போலவே ஒரு மூலப்பொருளாக வினையில் சேர்கிறது. கூடினாலும் குறைந்தாலும் அந்த இடம் பிசுபிசுப்பாகவே நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று: டின்னில் கன அளவுக்கு 2:1 என்று போட்டிருந்தால் எடைக்கும் அதுவே என்று எண்ணித் தராசில் வைக்கக் கூடாது. எடை விகிதம் தனியாக அச்சிட்டிருக்கும். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே வைத்தால் சூடேறிப் புகைந்துவிடும். கையுறை கட்டாயம். எப்போக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது.

பூச்சை வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். காலையில் பூசினால் பலகை சூடாகச் சூடாக உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொப்புளமாக எழும். மறுநாள் மேலே மெழுகு போன்ற படலம் தெரிந்தால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அப்புறம் தேய்க்கலாம். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவும்; அடுத்த பூச்சு உரிந்து வரும்.

போல்ட் துளைகள்தான் படகின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போட்டு, கெட்டி எப்போக்சியால் அடைத்து, காய்ந்ததும் நடுவில் 6 மி.மீ. துளைக்க வேண்டும். அவசரத்தில் நேராகத் துளைத்த இடத்தில் நீர் ஏறிப் பலகை அடுக்கு அடுக்காகப் பிரியும். வார்னிஷுக்கு அடியில் கறுப்புப் புள்ளிதான் முதல் அறிகுறி. தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும். குறுக்கே போகும் அலுமினியக் குழாய்களைப் போல்ட்டால் இறுக்காமல் கயிற்றால் கட்டுவது மேல். இரட்டைப் படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வார்ரம் தம் படகுகளில் கையாண்ட வழி அது. உடல்கள் சற்றே அசைய இடமிருப்பதால் இணைப்பு பிளப்பதில்லை. பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும்.

மின்சாரப் பகுதி எளிது. 8 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், 25.6 வோல்ட், 100 ஆம்பியர் மணி, செல்களைக் காக்கும் ஒரு பிஎம்எஸ் பலகை. 24 வோல்ட், 80 பவுண்டு உந்துவிசை தரும் டிரோலிங் மோட்டார் (சிறு படகுக்கான மின் மோட்டார்) முழு வேகத்தில் சுமார் 56 ஆம்பியர் இழுக்கும். 80 விழுக்காடு வரை பயன்படுத்தினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வேகத்தைப் பாதியாக்கினால் அதே பேட்டரி பல மடங்கு நேரம் வரும், ஏனென்றால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 4 மீட்டர் தூரம் என்றால் 16 சதுர மி.மீ. கம்பி போடுங்கள், இழப்பு அரை வோல்ட். 6 சதுர மி.மீ. போட்டால் 1.3 வோல்ட் போய்விடும், இணைப்பும் சூடாகும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

தூண்டில் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுக்கும். நீர் உள்ளே போனால் மோட்டார் அத்தோடு சரி. ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். சிலாங்கூர் ஆற்றோரக் கம்போங் குவாந்தான் பக்கம் கொண்டுபோனால் அங்கே கடல் ஏற்றம் எட்டும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது சிமெண்டுக் கல் மேல் தூக்கி வையுங்கள், தரையில் விட்டால் கரையான் ஏறிவிடும். காலி இரட்டைப் படகைச் சுமத்ரா காற்று (சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் புயல்காற்று) புரட்டிப் போடும் என்பதால் நான்கு மூலையும் கட்டுங்கள். பேட்டரியைப் பாதி சார்ஜில் நிழலில் வைத்தால் போதும்.