முதல் டிரையத்லான் சீசனும் என் டிரைசூட்டும்

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயம். மூன்றையும் ஒரே உடையில் முடிக்கத்தான் டிரைசூட் வாங்கினேன். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நடுவில் உடை மாற்றினால் அந்த நேரமும் கணக்கில் சேரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உட்காரும் இடத்தில் தைத்திருக்கும் பேட், அதாவது மெத்தை. சைக்கிள் ஷார்ட்ஸில் வருவதைவிட மெல்லியது. கடலைவிட்டு ஏறும்போது தண்ணீரைக் குடித்துக் கனப்பதில்லை, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) எதிர்காற்று அடித்தால் கோவளம் தாண்டுவதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும். அப்புறம் ஓடும்போது தொடைக்கு நடுவே எதுவும் உறுத்தாது. ஆனால் 90 கி.மீ. சைக்கிள் பயிற்சிக்கு இது போதாது, அன்றைக்குத் தடித்த பேட்தான் சரி.

குறை, அக்குள் தையல். உப்புத் தண்ணீரில் நனைந்தபின் ஓடினால் தோலை உரித்துவிடுகிறது. அங்கே வாஸ்லினைத் தாராளமாகத் தடவிக்கொண்டு இறங்குங்கள். உடையின் முதுகுப் பக்கப் பையில் வைத்த, சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டுகள் ஒருமுறைகூட விழவில்லை.

வாங்கும்போது கொஞ்சம் இறுக்கமான அளவையே எடுங்கள். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஒவ்வொரு கைவீச்சிலும் பின்னால் இழுக்கும். நீச்சல் குளத்துக்குப் போட்டுப் போனால் உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். குளோரின், லைக்ரா என்ற இழுபடும் துணியைச் சீக்கிரம் தளர்த்திவிடும்.