எங்கள் மாங்கூழ் ஆலைக்கு வந்த ஆலோசகர்கள்: எது உதவியது, எது உதவவில்லை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் வட்டாரத்தில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பெங்களூரிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்து ஆட்களுக்குள் இருந்த சண்டையைத் தீர்த்தீர்களாமே, உண்மையிலேயே பலன் கிடைத்ததா?" கிடைத்தது. ஆனால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதிக்கு எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் விவரமாக எழுதினால்தான் அடுத்து கூப்பிடுபவர்கள் தங்களுக்குத் தேவையான வேலையைக் கேட்டு வாங்க முடியும்.

நான் இந்த ஆலையின் நிர்வாக மேலாளர். ஆண்டு முழுவதும் இருக்கும் ஊழியர்கள் நாற்பது பேருக்குள்தான். சீசன் வந்து மூன்று ஷிப்ட் ஓடத் தொடங்கினால் அது பல மடங்காகிவிடும். சுற்று ஊர்ப் பெண்கள், ஆந்திர எல்லையிலிருந்து வரும் தெலுங்குக்காரர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வரும் இளைஞர்கள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்துக்குப் போகும் வாரங்களில் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். யாருக்கும் பொறுமையாகப் பேச நேரம் இருக்காது. அந்த வாரங்களில் கிளம்பும் மனத்தாங்கல்தான் அடுத்த சீசன் வரை நீடிக்கிறது.

எங்களிடம் முற்றிப்போயிருந்த சண்டை பழுக்க வைக்கும் அறைக்கும் தரப் பரிசோதனைக் கூடத்துக்கும் இடையில். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அதனால் எத்திலீன் வாயுவைத்தான் பயன்படுத்துகிறோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அனுமதிக்கிறது. அறையிலிருந்து வெளியே வரும் பழம் சீராகப் பழுத்திருந்தால்தான் கூழில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, நிற்கும். பெங்களூரா கூழ் வாங்குபவர்கள் பொதுவாக 14 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது என்பார்கள். குறைந்தால் யார் பொறுப்பு? அறையா, பரிசோதனைக் கூடமா, கொள்முதலா? போன சீசன் முழுக்க இதே வழக்குதான். ஒரு கட்டத்தில் இரு தரப்பும் நேரில் பேசுவதையே நிறுத்திவிட்டு, எடுபிடிப் பையன்களை அனுப்பிச் செய்தி சொல்லிக்கொண்டார்கள்.

வந்தது இரண்டு பேர். ஒருவர் நிறுவனத்தின் மூத்தவர், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர். இன்னொருவர் ஓசூரில் வளர்ந்த பெண்; தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தடையில்லாமல் வரும். தொகை ஒன்றேகால் லட்சம் ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. போக்குவரத்தும் தங்குவதும் தனி.

முதல் கட்டம் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் அரங்கில் நடந்த பயிற்சி முகாம். இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காகிதக் கோப்பைகளை அடுக்கிக் கோபுரம் கட்டும் போட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு தோழரின் சொல்படி நடப்பது என்று பாதி நாள் போய்விட்டது. சிரித்தார்கள், கைதட்டினார்கள், மறுநாள் ஷிப்டில் அதன் சுவடே தெரியவில்லை. அடுத்து ஒரு வினாத்தாள். கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மேன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-ல் உருவாக்கியது. 30 ஜோடி வாக்கியங்களில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சண்டை வந்தால் நாம் எதிர்த்து நிற்பவரா, விட்டுக்கொடுப்பவரா, ஒதுங்கிப் போகிறவரா, பாதிப் பாதி என்று முடிப்பவரா, இருவருக்கும் ஒத்துவரும் வழியைத் தேடுபவரா என்று அது ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டும். படித்த மேற்பார்வையாளர்களுக்கு அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் பழம் தரம் பிரிக்கும் மேசையில் வேலை செய்யும் பெண்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மொழிபெயர்ப்பு மோசம். பரீட்சை எழுதுவதுபோலப் பயந்து, பக்கத்தில் இருப்பவர் எதில் குறியிடுகிறார் என்று பார்த்துப் பார்த்து நிரப்பினார்கள். அந்தத் தாள்களை வைத்து எடுத்த முடிவு எதையும் நான் நம்பவில்லை.

இரண்டாம் கட்டத்தில்தான் அவர்கள் வாங்கிய பணம் நியாயமானது. அந்த ஓசூர்ப் பெண் ஆலைக்குள் வந்து ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். விடியற்காலை மாற்றத்துக்கும் வந்தார், இரவு மாற்றத்துக்கும் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். யாரையும் தடுத்துக் கேள்வி கேட்கவில்லை. யார் யாரிடம் எதை ஒப்படைக்கிறார்கள், எதைச் சொல்லாமல் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அவரவர் மொழியில் பேசினார். ஒடிசா இளைஞர்களுக்கு அவரே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தார். எங்கள் ஒப்பந்ததாரரின் ஆளை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஒப்பந்ததாரர் காதில் விழும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? இந்த நுணுக்கம் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு இரு தரப்புப் பொறுப்பாளர்களையும் நேருக்கு நேர் உட்கார வைத்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். பழுக்க வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்பவர் இந்தத் தொழிலிலேயே நரைத்தவர். பழத்தைக் கையில் எடுத்துக் காம்பு ஓரத்தில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாலே இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். பரிசோதனைக் கூடத்துப் பெண் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், வயதில் அவருடைய மகள் மாதிரி. பிரிக்ஸை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் எண்ணைத்தான் நம்புவார். அவர் காய்வெட்டுப் பழங்களைப் படம் எடுத்து ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஆலோசகர் வைத்த விதி ஒன்றே ஒன்று. பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே தன் பக்கத்தைப் பேசலாம்.

பெரியவர் தொடங்கினார். "எனக்கு வேலை தெரியவில்லை என்று இந்தப் பெண் சொல்கிறது."

"இல்லை அண்ணா, நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு முறை நேரில் வந்து சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை. கூழ் கெட்டால் என்னைத்தான் கேட்பார்கள். அதனால்தான் படம் போட்டேன் என்றேன்."

அவர் சற்று யோசித்தார். "நேரில் சொன்னாய், நாங்கள் எழுதி வைக்கவில்லை, பழி உன் மேல் வரும் என்று படம் போட்டாய்."

"ஆமாம் அண்ணா."

இப்போது அவருடைய முறை. "முதலாளியே இருக்கிற குழுவில் படம் வருகிறது. என் கீழ் வேலை செய்கிற பையன்களும் பார்க்கிறார்கள். மறுநாள் நான் ஒன்று சொன்னால் எவன் கேட்பான்?" அந்தப் பெண் அதை ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்ததும் தானாகவே, "இனி முதலில் உங்களிடம்தான் வருவேன் அண்ணா" என்றார். போன ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் இடையில் ஆள் இல்லாமல் பேசியது அன்றுதான்.

இத்தோடு விட்டிருந்தால் அடுத்த சீசனில் சண்டை திரும்ப வந்திருக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதியது அப்போதுதான் கைகொடுத்தது. லாரி நெரிசலில் வெவ்வேறு தோட்டத்துக் கிரேட்டுகள் ஒரே அறைக்குள் கலந்து அடுக்கப்படுகின்றன. அறை எப்போது மூடப்பட்டது என்பது மட்டும் பதிவேட்டில் இருக்கிறது. எந்த அடுக்கு எந்தத் தோட்டத்துப் பழம் என்பது இல்லை. முற்றாமல் பறித்த காய்க்கு எவ்வளவு எத்திலீன் கொடுத்தாலும் முற்றிய காயைப்போல இனிப்பு ஏறாது. ஆக, அறைக்காரர் சொன்னதும் சரி, பரிசோதனைக் கூடம் சொன்னதும் சரி. இருவரும் வெவ்வேறு அடுக்கைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சீட்டு தொங்குகிறது: எந்தத் தோட்டம், எப்போது வந்தது, வாயு எப்போது திறந்தது, எப்போது நிறுத்தியது. பழத்தைக் கொட்டும் முன் இரு தரப்பும் சேர்ந்து நாலைந்து பழம் அறுத்துப் பார்த்து அந்தச் சீட்டிலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். எளிய ஏற்பாடுதான். ஆனால் ஷிப்ட் மாறும்போது வருபவர் முந்தையவரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அவர்கள் செய்ய மறுத்தவற்றையும் சொல்ல வேண்டும். என் மதிப்பு கூடியது அங்கேதான். தனிப்பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்று எங்கள் முதலாளி பட்டியல் கேட்டார். தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்திலும் அது இருந்தது. ஓவர்டைம் கணக்குச் சீட்டு தாமதமாக வருகிறது என்ற குறை பல பேரிடம் இருந்தது. "இது பேச்சுவார்த்தையால் தீர்க்கிற விஷயம் இல்லை, கணக்குப் பிரிவு தீர்க்க வேண்டியது" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம்; அதைச் சிரித்த முகத்தோடு பேசச் சொல்லிப் பயிற்சி கொடுத்து மறைக்க முடியாது. பாலியல் தொல்லை தொடர்பான புகார் ஏதாவது வந்தால் அது தங்கள் மேசைக்கு வரக் கூடாது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்குத்தான் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் ஒழிய அதில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழு பெயரளவில் கிடந்தது. அதில் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து இரண்டு பெண்களைச் சேர்க்க வைத்தது அந்த ஓசூர்ப் பெண்தான்.

குறைகள் இன்னும் உண்டு. இறுதி அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. மேற்பார்வையாளர்களுக்காக நான் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பணம் வாங்குபவர்கள் இதைச் செய்திருக்க வேண்டும். "தொடர் ஆதரவு" என்று ஒப்பந்தத்தில் இருந்தது தொலைபேசி அழைப்போடு முடிந்துவிட்டது. கொள்முதல் பிரிவையும் மண்டித் தரகர்களையும் அவர்கள் தொடவே இல்லை, காயை முற்றாமல் இறக்குகிற அவசரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று தெரிந்திருந்தும்.

கூப்பிட நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மே மாதத்தில் கூப்பிடாதீர்கள். அப்போது யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பேசி முடித்து, சீசன் தொடங்கிய முதல் வாரத்தில் ஷிப்ட் மாற்றத்தைப் பார்க்க வரச் சொல்லுங்கள். ஓட்டல் முகாமை விலையிலிருந்து கழித்துவிட்டு அந்தப் பணத்துக்கு ஆலைக்குள் கூடுதல் நாட்கள் கேளுங்கள். உள்ளே வரப்போகிறவர் யார், அவருக்கு உங்கள் ஆட்களின் மொழி தெரியுமா என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நாங்கள் அடுத்த சீசனுக்கு மறுபடியும் அழைக்கிறோம்: அதே பெண் வர வேண்டும், அறிக்கை தமிழில் இருக்க வேண்டும், கொள்முதல் பிரிவில் தொடங்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனையோடு. முதல் இரண்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதற்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.