இடக்கை 7 அயர்ன்: வலக்கைக்காரன் ஒருவன் பாவித்துப் பார்த்ததில்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலமும் வலப்பக்கம் நின்று கோல்ஃப் ஆடியவர் ஏதோ ஒரு காரணத்தால் பக்கம் மாற வேண்டி வந்தால் முழு செட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். பாவித்த இடக்கை 7 அயர்ன் (இரும்புத் தலை கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) ஒன்று, வலக்கைக்கு ஒரு கையுறை, இவ்வளவும் போதும். மிச்சத்தை ஆறேழு மாதம் கழித்து யோசிக்கலாம்.

என் காரணம் முழங்கை. வலது முழங்கையின் உட்பக்கத்தில் வருகிற வலி, கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் பின்னால் வருகிற அந்தக் கையில்தான் பிடிக்கும். ஓய்வெடுத்துக் குறைந்த பிறகும், பழைய ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் அசைவை, தொடங்கியதும் திரும்ப எட்டிப் பார்த்தது. பக்கம் மாறினால் வலக்கை முன்னால் போகும் கை, அதாவது முன்கை, ஆகிவிடும், வேலையே வேறு. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன், நீங்களும் கேளுங்கள். ஏனென்றால் முன்கைக்கும் அதற்கென்று ஒரு வலி இருக்கிறது, முழங்கையின் வெளிப்பக்கத்தில்.

திருகோணமலையில் மைதானத்துக்குக் குறையில்லை. சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறது, 18 குழி. ஆனால் இடக்கைச் சாமான் என்று கேட்டால் ஆட்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம் சொல்லி வைத்து, பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தது. கூடவே அனுப்பச் சொன்ன கையுறையும் வந்தது, இடக்கைக்கு! இடக்கைக் கிளப் என்றதும் இடக்கைக் கையுறைதான் என்று நினைத்துவிட்டார் போல. கையுறை போடுவது பிடியின் மேல்முனையில் இருக்கும் கைக்கு. இடப்பக்கம் ஆடுபவருக்கு அது வலக்கை. மாற்றித் தரச் சொன்னால் "அதுதானே அண்ணே இடக்கை?" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். வாங்கும்போது எந்தக் கையில் மாட்டுவது என்று படம் அனுப்பிக் கேளுங்கள்.

சரி, கிளப்பைப் பற்றி. தலை நல்ல நிலை. கடற்காற்றில் வைத்திருந்தால் குரோம் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும் என்பதால் ஆடி முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி வைக்கிறேன். தண்டு உருக்கு, ரெகுலர் ஃப்ளெக்ஸ், அதாவது சாதாரணமாக வளைந்துகொடுக்கும் வகை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வலப்பக்கம் நீங்கள் ஸ்டிஃப் என்கிற விறைப்பான தண்டு பாவித்தவராக இருக்கலாம், இடப்பக்கம் ஆரம்பத்தில் அந்த வேகத்துக்குக் கிட்டவும் போக மாட்டீர்கள். குறை என்றால் பிடிதான். ரப்பர் இறுகி, கண்ணாடி மாதிரி வழுக்கியது. இங்கே வியர்க்கிற வியர்வைக்கு அது சரிவராது. பழையதை வெட்டி எடுத்து, இருபக்க டேப் சுற்றி, பெயின்ட் கடைத் தின்னர் விட்டுப் புதுப் பிடியை நானே ஏற்றினேன். ஒரு பின்னேர வேலை.

7 அயர்ன் ஏன் என்று கேட்பீர்கள். தலை முகத்தின் சாய்வு முப்பது முப்பத்துநாலு பாகைக்குள் இருக்கும், பந்து தானாகவே எழும்பும், தண்டின் நீளமும் நடுத்தரம். நீளமான டிரைவரை எடுத்தால் ஒன்றுமே புரியாது, குட்டையான வெட்ஜை எடுத்தால் புரிந்ததாக ஒரு நினைப்பு வரும். இன்னொன்று, வலக்கை அயர்னைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடித்துப் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், பந்து எங்கே போகும் என்று கடவுளுக்கும் தெரியாது.

இனி ஸ்விங். கைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பழகிவிட்டன. பலமான சோற்றுக்கை மேலே இருந்து இழுக்கிறது, பந்தின் திசையை அதுவே பிடித்துக்கொள்கிறது. வலக்கை ஒன்றால் மட்டும் கிளப்பைப் பிடித்து இடுப்பளவுக்கு ஆட்டி அடிக்கும் பயிற்சி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. படுத்துக்கொள்வது இடுப்பும் காலும்தான். இத்தனை வருடமும் இடக்காலில் போய் முடிந்த பாரம் இப்போது வலக்காலில் போய் முடிய வேண்டும், உடம்பு கேட்பதில்லை. பாதி வழியில் நின்றுவிடும், கை மட்டும் ஓடும், பந்துக்கு முன்னாலேயே நிலத்தைக் கொத்தும். இடக்கையால் ஒரு கல்லைக் கீழ்க்கையாக, கடலில் தட்டையாக எறிவது போல எறிந்து பாருங்கள், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். டச்சு பே கரையில் நின்று எறிந்தால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவும் மாட்டார்கள்.

போனில் எடுத்த பழைய வலப்பக்க ஸ்விங் வீடியோ இருந்தால், அதை இடம் வலமாகத் திருப்பி இப்போதைய ஸ்விங்குக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அமெரிக்க கோல்ஃப் வீரர் பில் மிக்கல்சன் சின்ன வயதில் அப்பாவுக்கு எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பது மாதிரிப் பழகித்தான் இடக்கை ஆட்டக்காரரானார். மற்ற வேலை எல்லாம் அவருக்கு வலக்கைதான். அந்த ஸ்விங்கோடு ஆறு மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள், கடைசியானது 2021இல், 50 வயதில். 1963இல் பிரிட்டிஷ் ஓப்பன் என்கிற மேஜரை வென்ற பொப் சார்ள்ஸும் வாழ்க்கையில் வலக்கைக்காரர்தான், மேஜர் வென்ற முதல் இடக்கை ஆட்டக்காரர் அவரே. அவர்கள் சிறு வயதில் தொடங்கியவர்கள், நாம் அப்படியில்லை. ஆனாலும் வலக்கை முன்கையாக இருப்பது தடையில்லை என்பதற்கு இது போதும்.

வீட்டில் அடிக்க வலை வேண்டும். கடையில் விற்கும் வலைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சூடை மீன் பிடிக்கும் பழைய வலை கேட்டேன். "தம்பி, மீனே இதுக்குள்ள நிக்காது, உன்ர பந்து நிக்குமோ?" என்றார். நிற்கிறது. பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி, சூடை வலையின் கண் அதைவிட எவ்வளவோ சிறிது. இரண்டாக மடித்து, இழுத்துக் கட்டாமல் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பந்து திரும்பி வந்து முழங்காலைப் பதம் பார்க்கும், வலையும் சீக்கிரம் கிழியும். பந்துக்குக் கீழே தும்புக் கால்மிதி ஒன்று போட்டேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் நிலம் கல்லாகக் காய்ந்துவிடும், அதில் கிளப்பைக் கொத்தினால் நேராக முழங்கைக்குத்தான் வரும்.

மைதானத்தில் என்றால், முதல் பெரிய குழப்பம் திசை. என் பழைய ஸ்லைஸ், அதாவது நேராகப் போகாமல் வளையும் அடி, வலப்பக்கம் வளையும், இப்போது இடப்பக்கம் வளைகிறது. மூளை இன்னும் வலப்பக்கப் புதரையே பார்த்துக்கொண்டிருக்கும், பந்து மறுபக்கப் புதருக்குள் போய்விடும். தூரம் பழையதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கவலைப்படவில்லை, நேராகப் போகிற நாட்களில் பழைய ஸ்விங்கைவிட நேராகவே போகிறது. பழைய கெட்ட பழக்கம் எதுவும் இந்தப் பக்கத்துக்குத் தெரியாதே.

வலி எதுவும் இல்லாமல், சும்மா ஆசைக்கு மாறிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் அடித்துப் பழகிய ஒன்றைத் திரும்ப அகரத்திலிருந்து தொடங்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. கூட ஆடுபவர்கள் சிரிப்பதையும் தாங்க வேண்டும்.

பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் பட்டர் கிளப்பை மாற்றவில்லை. வலப்பக்கம் நின்றே தட்டுகிறேன், அதற்கு முழங்கை முறைப்பதில்லை. பையில் 14 கிளப்புக்கு மேல் போகாதவரை இடக்கை, வலக்கை கலந்து வைத்திருப்பதை விதி தடுக்கவில்லை. அடுத்து ஒரு இடக்கைப் பிட்சிங் வெட்ஜ் கிடைத்தால் எடுப்பேன், இந்த முறை பிடியின் படத்தையும் முதலிலேயே கேட்டுவிட்டு.