சிம் தட்டு இல்லாத போன்: கும்பகோணத்தில் மூன்று வாரம்

நியூ ஜெர்சியில் பதினாறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், கடந்த நவம்பரில் மூன்று வார விடுப்பில் கும்பகோணத்துக்குச் சென்றிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்த அன்று மாலையே, அம்மா இடுப்பில் ஒரு பழைய பட்டன் போனைச் செருகியிருந்தது கண்ணில் பட்டது. 2023 கோடையில் நான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்த ஸ்மார்ட்போன் எங்கே என்று கேட்டதும், பீரோவைத் திறந்து, புடவை அடுக்குக்கு அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துத் தந்தார். திரையில் பாதி கறுத்துப்போயிருந்தது. மீதிப் பாதியில் தொட்டால் எதுவும் அசையவில்லை.

"ஆசையா வாங்கிக் குடுத்தே. கீழே போட்டு உடைச்சுட்டேன்னு எப்படிப்பா சொல்றது?" என்றார்.

"நெட்டு சரியா வரலை" என்று நான்கு மாதங்களாக அவர் வீடியோ அழைப்பைத் தட்டிக்கழித்து வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் திரை உடைந்தது மட்டும் கதையாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். திரை உடைந்த பிறகு அம்மா பட்ட பாடும், அதற்கு நான் வாங்கிய பொருளே காரணம் என்பதும்தான் மூன்று வாரமும் என் மனத்தை அரித்தன.

2022 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் சில வகைப் போன்களில் சிம் அட்டையைச் செருகும் தட்டே கிடையாது. எண் முழுக்க இ-சிம்மாகப் போனுக்குள்ளேயே பதிந்துவிடும். நான் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்று. 2023இல் அம்மாவின் பழைய சிம்மை இ-சிம்மாக மாற்ற அரை நாள் அலைந்தோம். மாற்றி முடித்ததும், இதுதான் நவீன வசதி என்று அவரிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. திரை போனபோது அந்த வசதியின் மறுபக்கம் தெரிந்தது. சாதாரண சிம்மாக இருந்தால், எதிர்வீட்டுப் பையன் ஊசியால் தட்டைத் தள்ளி, சிம்மை எடுத்து வேறொரு போனில் போட்டு, இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்திருப்பான். இங்கே எண் உடைந்த போனுக்குள் சிக்கிக்கொண்டது. அழைப்பு மணி அடிக்கும், எடுக்க முடியாது. நான் இரண்டு நாள் விடாமல் அழைத்ததும், அம்மா அந்த மணியைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்ததும் இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

அதே எண்ணைச் சாதாரண சிம்மாகத் திரும்பப் பெற, அவர் சேவை நிறுவனத்தின் கடைக்கு மூன்று முறை நடந்திருக்கிறார். எழுபத்து மூன்று வயதில், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை ஆதார் கருவி ஏற்கவில்லை. மூன்றாம் நாள் அங்கே வேலை செய்யும் ஒரு பெண், அம்மாவின் கையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, இடது கை மோதிர விரலில் ரேகையைப் பதிய வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி அம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார். புது சிம் கைக்கு வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போகவும் வரவும் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. நம் எண்ணைத் திருட்டுத்தனமாக வேறு சிம்மில் வாங்கி வங்கிக் கணக்கைச் சுரண்டுவோரைத் தடுக்க வந்த நல்ல விதி அது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்துச் சமையல் எரிவாயு சிலிண்டர் வந்து நின்றது. விநியோகிப்பவர் கேட்ட குறியீட்டு எண் போனுக்கு வரவே இல்லை. அவர் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஊருக்கு வந்த மறுநாள் உடைந்த போனை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் உள்ள அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குச் சென்றேன். குளிர்சாதன அறை, டோக்கன், நல்ல நாற்காலிகள், மரியாதையான பேச்சு என்று எதிலும் குறைசொல்ல இடமில்லை. கவுண்டரில் இருந்த இளைஞர் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது அமெரிக்கச் சந்தைக்கான வகை, இதற்கான உதிரிபாகம் எங்களிடம் வராது, உத்தரவாதமும் இங்கே செல்லாது என்று சொல்லிப் போனை என் பக்கம் நகர்த்தினார். பணம் கொடுத்தே சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். பதில் மாறவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே பெயரில், ஒரே உருவத்தில் விற்கும் பொருளுக்கு நாட்டுக்கொரு உள்ளமைப்பு வைத்துவிட்டு, அதை வாங்கும்போது உரக்கச் சொல்லாமல் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடும் முறையின் மீதுதான் கோபம்.

வேலை நடந்தது கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், பத்துக்கு எட்டு அடி இருக்கும் ஒரு கடையில். அங்கிருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் யாரிடமோ பேசி, இரண்டு நாளில் டிஸ்ப்ளே பார்சலில் வந்துவிடும் என்றார். சொன்னபடியே வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சூடேற்றும் தட்டின் மேல் போனைச் சிறிது நேரம் வைத்தார். ஓரத்துப் பசை இளகியதும், கிட்டார் வாசிக்கும் வில்லைபோல் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் துண்டை இடுக்கில் நுழைத்து, நான்கு பக்கமும் நிதானமாக இழுத்துத் திரையைப் பிரித்தார். எள்ளளவு திருகாணிகளைக் காந்தப் பாய் ஒன்றின் மேல், எந்த இடத்திலிருந்து கழற்றினாரோ அதே அமைப்பில் அடுக்கினார். ஒன்றுபோல் தோன்றும் அவற்றின் நீளம் வேறு வேறு என்றும், நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் அடியில் உள்ள போர்டு துளைபட்டுவிடும் என்றும் வேலையை நிறுத்தாமலே சொன்னார். பேட்டரி லேசாக உப்பியிருந்ததையும் அவர்தான் காட்டினார். அம்மா இரவு முழுவதும் சார்ஜில் போட்டு, தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்திருக்கிறார். வெளியேற வழியில்லாத சூட்டில் உள்ளே வாயு சேர்ந்திருக்கும்.

எல்லாம் முடிந்து திரை ஒளிர்ந்ததும் அவர் சொன்னதை மறக்க மாட்டேன். "அண்ணா, இது காப்பி காம்போ, கம்பெனி டிஸ்ப்ளே இல்ல. கலர் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். உள்ளே இருக்குற போட்டோவை எடுக்க இது போதும். அம்மா தினமும் வெச்சுக்க இதை நம்பாதீங்க." உழைப்பும் உதிரிபாகமும் சேர்த்து 4,200 ரூபாய் வாங்கினார். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது அனுப்பிய குரல் செய்திகள் உட்பட அனைத்தும் பத்திரமாக வந்துவிட்டன. என்னைக் கேட்டால் அந்தத் தொகை குறைவு.

அதன் பிறகு புதுப் போன் வாங்கும் கேள்வி எழுந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் போகும்போது போன் வாங்கிச் செல்வது நம்மிடையே கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. நல்ல போன் ஊரில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. இன்று அந்த நிலை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டாலும், அதே வட்டாரத்தில் இன்று ஒருங்கிணைக்கப்படும் போன்கள் அமெரிக்கா வரை ஏற்றுமதியாகின்றன. 2020 ஏப்ரலில் போன்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்ததால் உயர்விலைப் போன்களில் இங்கும் அங்கும் விலை வேறுபாடு இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோருக்கு உயர்விலைப் போன் எதற்கு? நான் வாங்கிக் கொடுத்ததில் மூன்று கேமராக்கள் இருந்தன. அம்மாவுக்கு வேண்டியிருந்தது சமையலறையிலிருந்து கேட்கும் அளவுக்கு உரத்த மணி. இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

எனவே இந்த முறை அம்மாவையே கடைக்கு அழைத்துச் சென்றேன். ரேம் எத்தனை, மெகாபிக்சல் எத்தனை என்று விற்பனையாளர் ஆரம்பித்ததும், அம்மா ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி எடை பார்த்தார். இரண்டு போன்கள் கனமாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இதுல மணி அடிச்சுக் காட்டுப்பா" என்றார். விற்பனையாளர் சிரிக்காமல் ஒவ்வொன்றிலும் மணி அடித்துக் காட்டினார். விரல் ரேகையால் திறப்பது அம்மாவுக்குச் சரிவராது என்பது தெரிந்த கதையாகையால் முகத்தைக் காட்டித் திறப்பதையும் சோதித்தோம். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவரே அமைப்புகளைப் படித்துப் பார்த்தார். இந்தியாவில் விற்கும் போன்கள், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வரும் செய்திகளைப் படிக்கும்படி காட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 16333 என்ற இந்தியத் தர விதி உண்டு. என் தலைமுறை கட்டம் கட்டமாகத் தமிழைப் பார்த்த போன்களோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமில்லை. இரண்டு சிம் போடும் தட்டு உள்ள, 14,500 ரூபாய் விலையுள்ள போன் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். விற்பனையாளர் கூடுதல் காப்பீடு ஒன்றை விடாமல் வற்புறுத்தியது மட்டும் அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காதது.

பணம் கொடுக்குமுன், கடையிலேயே *#06# அழுத்தி வந்த ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ள எண்ணோடும் பில்லில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டேன். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்தப் பதினைந்து இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு அனுப்பினால், அந்தக் கருவியின் விவரம் பதிலாக வருகிறது. 2023 மே மாதம் முதல் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் வழியாகத் தொலைந்த போனை நாடு முழுவதும் முடக்க முடிகிறது. அதற்குக் காவல் நிலையப் புகாரோடு ஐஎம்இஐ எண்ணும் வேண்டும், வாங்கிய பில் கையில் இருப்பதும் நல்லது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்ட போன் தொலைந்தால், இவற்றில் எதைக் காட்டுவது என்று அந்தக் கவுண்டரில் நின்றபடி எண்ணிப் பார்த்தேன்.

என் பக்கத்துச் சேவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் பயன்படும். என் பழைய இந்திய எண் எப்போதோ போய்விட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணைத் துண்டிக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு, பிறகு அது வேறொருவருக்கும் போகும். வங்கிக் கணக்கில் அந்த எண்ணையே விட்டுவைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவது நல்லது. 2023 தொடக்கத்திலிருந்து அமெரிக்கா, சிங்கப்பூர், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்தது. என் வங்கியில் அதைச் செயல்படுத்த ஒரு முழு முற்பகல் ஆயிற்று. அதன் பிறகு மூன்று வாரமும் பூக்கடை முதல் புத்தகக்கடை வரை தடையில்லாமல் நடந்தது.

புதுப் போனில் நாங்கள் செய்த முதல் உருப்படியான வேலை, அம்மாவின் ஆயுள் சான்றிதழ். அப்பா தபால் துறையில் இருந்தவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதற்கான சான்று தர வேண்டும். 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் முதலில் விரல் ரேகையையோ கருவிழியையோதான் கேட்டார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே பதியும் முறை வந்தது. வாசல் திண்ணையில் வெளிச்சம் பார்த்து அம்மாவை உட்காரவைத்தேன். முதல் முறை மூக்குக்கண்ணாடியில் வெயில் பளிச்சிட்டதால் ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். இரண்டு முறை சிமிட்டினார். சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. "அவ்வளவுதானா? போன வருஷம் ஆட்டோவுக்கே இருநூறு ரூபா குடுத்தேனே" என்றார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், உடைந்த போனை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். உப்பிய பேட்டரியோடு அதைப் பீரோவில் வைக்கக் கூடாது என்று சொல்லி, கடைத் தம்பியிடமே கொடுத்தேன். உதிரிபாகத்துக்காக 900 ரூபாய் தந்தார். புதுப் போனின் பில்லையும் பெட்டியையும் அம்மா குடும்ப அட்டை வைக்கும் மஞ்சள் பையில் போட்டுவிட்டு, பெட்டியோடு வந்த சிம் ஊசியைச் சாமி அறை நாட்காட்டி தொங்கும் ஆணியில் நூல் கட்டி மாட்டிவைத்தார்.